திருச்சிக்குப் பறக்கும் குடும்பங்கள்: மைல் புள்ளியா, சேர்ந்து உட்கார இருக்கையா?

சுங்கை சிப்புட் - ஊரிலிருந்து கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திற்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அங்கிருந்து திருச்சிக்கு ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர், சுமார் நான்கு மணி நேரம். வேன் பிடித்தோ, இடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல் போய் அங்கிருந்து விமான நிலைய ரயில் மாறியோ, பெட்டிகளோடு பாட்டியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்த பிறகு, போர்டிங் பாஸைக் கையில் வாங்கும்போதுதான் பலருக்குத் தெரிகிறது: அப்பா 7ஆம் வரிசையில், அம்மா 19ஆம் வரிசையில், பாட்டி 28ஆம் வரிசையில், ஏழு வயதுப் பையன் யாரோ இருவருக்கு நடுவில்.

டிக்கெட் வாங்கும்போது கைப்பேசித் திரையில் இருக்கைப் படம் வந்திருக்கும். பணம் கேட்டதும் அதைத் தாண்டிப் போயிருப்பார்கள். அதற்கு முன்னால் ஒரு திரையில் உறுப்பினர் எண் கேட்டிருக்கும். அதையும் தாண்டியிருப்பார்கள். இந்த இரண்டு திரைகளில் எது முக்கியம், எதில் பணம் மிச்சமாகும், எது நம்மைப் போன்ற குடும்பங்களுக்குப் பயன்படாது என்பதைத் தெரிந்துகொண்டால் அடுத்த பயணம் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

மைல் என்ற பெயர் எப்படி வந்தது?

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 1981ஆம் ஆண்டு மே மாதம் ‘ஏஅட்வான்டேஜ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. எத்தனை மைல் பறந்தீர்களோ அத்தனை மைல் உங்கள் கணக்கில் சேரும், போதிய அளவு சேர்ந்ததும் ஒரு டிக்கெட் இலவசம் என்பதே அதன் சாரம். மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. மலேசியா ஏர்லைன்ஸின் ‘என்ரிச்’, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ‘கிரிஸ்ஃபிளையர்’ எல்லாம் அந்த வழியில் வந்தவையே.

பழைய கணக்குப்படி கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு ஒருமுறை போனால் சுமார் 1,670 மைல் சேரும். இப்போது நிலைமை வேறு. பெரும்பாலான திட்டங்களில் பறந்த தூரத்தைவிட, கட்டிய பணமும் டிக்கெட்டின் வகையும்தான் கணக்கு. என்ரிச்சில் ‘மைல்’ என்ற சொல்லே போய் ‘புள்ளி’ என்றாகிவிட்டது. ஆக மலிவுச் சலுகையில் போகிறவருக்குக் குறைவான புள்ளி, அவசரத்துக்கு அதிகக் கட்டணம் கொடுத்துப் போகிறவருக்கு அதிகப் புள்ளி. மிக மலிவான வகை டிக்கெட்டுக்கும், முகவர் மொத்தமாக வாங்கும் குழு டிக்கெட்டுக்கும் புள்ளியே கிடைக்காமல் போவதும் உண்டு. ஐயப்ப சீசனில் குழுவாகப் புறப்படும் சாமிமார்கள் முகவரிடம் பணம் கட்டும் முன்பே, இந்த டிக்கெட்டுக்குப் புள்ளி உண்டா, இருக்கையை யார் தேர்வு செய்வார் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுவது நல்லது. திரும்பி வந்து கேட்டால் பதில் இருக்காது.

புள்ளி யாருக்குச் சேரும் என்பதிலும் குழப்பம் உண்டு. வழக்கமான திட்டங்களில் பணம் கட்டியவருக்கல்ல, பறந்தவருக்கே புள்ளி. மூத்த மகன் ஐவருக்கும் டிக்கெட் வாங்கிக் கொடுத்தால், அவர் கணக்கில் அவர் பறந்ததற்கான புள்ளி மட்டுமே சேரும். மற்ற நால்வருக்கும் தனித்தனிக் கணக்கு இல்லையென்றால் அந்தப் புள்ளிகள் காற்றில் போனவைதான். கணக்கு திறக்கக் கட்டணம் எதுவும் இல்லை.

‘ஏ/எல்’, ‘ஏ/பி’ சிக்கல்

மலேசிய இந்தியர்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நமது மைகார்டிலும் கடப்பிதழிலும் பெயர் ஒரே வரியாக இருக்கும். நடுவில் ‘அனாக் லெலாக்கி’யின் சுருக்கமான ஏ/எல், அல்லது ‘அனாக் பெரெம்புவான்’ என்பதன் சுருக்கமான ஏ/பி. விமான நிறுவனங்களின் படிவங்களோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் கேட்கும். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. அப்பா பெயர்தான் உண்டு. போதாக்குறைக்கு அந்தக் கட்டங்களில் சாய்கோடு போட்டால் பல இணையத்தளங்கள் ஏற்பதில்லை.

ஒருவர் ‘ஏஎல்’ என்று சேர்த்து எழுதுவார். இன்னொருவர் அதை விட்டுவிட்டு அப்பா பெயரைக் குடும்பப்பெயர் கட்டத்தில் போடுவார். கணக்கை மகள் ஒரு மாதிரி திறந்திருப்பார். டிக்கெட்டை முகவர் வேறு மாதிரி அடித்திருப்பார். இரண்டு பெயரும் பொருந்தாவிட்டால் கணினி புள்ளியைச் சேர்க்காது. புள்ளி போனாலும் பரவாயில்லை. கடப்பிதழுக்கும் டிக்கெட்டுக்கும் பெயர் பொருந்தாவிட்டால் பதிவு முகப்பில் நிற்க வேண்டிவரும்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. கடப்பிதழில் படம் உள்ள பக்கத்தின் அடியில், இயந்திரம் படிப்பதற்காக இரண்டு வரி எழுத்துகள் இருக்கும். அதில் சாய்கோடு இருக்காது. ஏனென்றால் அந்த வரிகளில் எழுத்து, எண், இடைவெளியை நிரப்பும் குறி ஆகியவற்றுக்கு மட்டுமே அனுமதி. அந்த வரியில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ, அதையே பின்பற்றி டிக்கெட்டிலும் உறுப்பினர் கணக்கிலும் ஒரே மாதிரி எழுத வேண்டும். எழுதியதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவைத்தால், அடுத்தமுறை யார் டிக்கெட் எடுத்தாலும் மாறாது.

புள்ளி சேராமல் விட்டுப்போனால் பிறகு கேட்டு வாங்கலாம். ஆனால் அதற்குச் சில மாதங்களே அவகாசம். டிக்கெட் எண்ணும் போர்டிங் பாஸும் கையில் இருக்க வேண்டும். வீடு வந்து சேர்ந்ததும் போர்டிங் பாஸைக் கசக்கி எறிவது நம்மில் பலரின் பழக்கம். புள்ளி கணக்கில் ஏறும்வரை வைத்திருங்கள்.

இலவச டிக்கெட் முழு இலவசம் அல்ல

புள்ளியைக் கொடுத்து எடுக்கும் டிக்கெட்டிலும் வரியும் விமான நிலையக் கட்டணமும் ரொக்கமாகவே கட்ட வேண்டும். 2019 செப்டம்பர் 1 முதல் மலேசியாவிலிருந்து வெளிநாடு புறப்படுவோருக்குப் புறப்பாட்டு வரி உள்ளது. சாதாரண வகுப்பில் ஆசியான் நாடுகளுக்கு 8 ரிங்கிட், இந்தியா உட்பட மற்ற நாடுகளுக்கு 20 ரிங்கிட். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது இல்லை. இதற்கு மேல் விமான நிலையச் சேவைக் கட்டணமும், சில நிறுவனங்களில் எரிபொருள் கட்டணமும் சேரும். ஆகவே புள்ளியைச் செலவழிப்பதற்கு முன், அதே நாளில் ரொக்கத்துக்கு என்ன விலை என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். சலுகைக் காலத்தில் ரொக்க விலை குறைவாக இருந்தால் புள்ளியைத் தொடாமல் விடலாம். தீபாவளி, பொங்கல், பள்ளி விடுமுறை நேரத்தில் ரொக்க விலை ஏறும்போது எடுத்தால்தான் புள்ளிக்கு மதிப்பு. ஆனால் அந்த நாள்களில் புள்ளிக்கென ஒதுக்கும் இருக்கைகள் குறைவு. பல மாதம் முன்பே பார்ப்பவருக்குத்தான் கிடைக்கும்.

புள்ளிக்கு ஆயுளும் உண்டு. என்ரிச், கிரிஸ்ஃபிளையர் இரண்டிலும் பொதுவாக மூன்று ஆண்டுகள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போகும் குடும்பத்துக்கு முதல் பயணத்தின் புள்ளி, இரண்டாம் பயணத்தின் புள்ளியோடு சேர்ந்து ஒரு டிக்கெட் அளவுக்கு வருவதற்குள் காலாவதியாகிவிடும். கசப்பான உண்மை இதுதான். அடிக்கடி பறக்கும் வியாபாரிகளுக்காகவும் அலுவலகச் செலவில் பறப்பவர்களுக்காகவும் வடிவமைத்த திட்டம் இது.

விமானத்தில் ஏறாமலே புள்ளி சேர்க்கும் வழி கடன் அட்டை. செலவழிப்பதற்கு வங்கி கொடுக்கும் புள்ளியை விமானப் புள்ளியாக மாற்றிக்கொள்ளலாம். பல வங்கிகளில் இந்த வசதி உண்டு. இதில் இரண்டு விஷயங்களை மறக்கக்கூடாது. பேங்க் நெகாரா விதிப்படி கடன் அட்டை பெற ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 ரிங்கிட் இருக்க வேண்டும். 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வாங்குபவரின் ஆண்டு வருமானம் 20,400 ரிங்கிட்தான். எல்பில், டோவன்பி பக்கம் தோட்டத்தில் இன்னும் வேலை செய்பவர்களில் குறைந்தபட்சச் சம்பளத்தில் இருப்போருக்கு இந்தக் கதவே திறக்காது. கதவு திறந்தவர்களுக்கு அடுத்த எச்சரிக்கை: அட்டைப் பாக்கிக்கு வட்டி, திருப்பிக் கட்டும் ஒழுங்கைப் பொறுத்து ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வரை. 3,000 ரிங்கிட் பாக்கியை ஓராண்டு இழுத்தால் 18 விழுக்காட்டில் வட்டி மட்டும் ஏறத்தாழ 540 ரிங்கிட். அந்த 3,000 ரிங்கிட் செலவுக்குக் கிடைக்கும் புள்ளியில் ஒரு டிக்கெட்டின் ஓரம்கூட வராது. மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டிவிடுபவருக்கு மட்டுமே கடன் அட்டைப் புள்ளி லாபம்.

எந்த வழியில் போனால் எந்தப் புள்ளி?

2008 டிசம்பரில் ஏர்ஆசியா கோலாலம்பூர் - திருச்சி சேவையைத் தொடங்கியது பேராக் தமிழர்களின் பயணப் பழக்கத்தையே மாற்றியது. அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பு ஊருக்குப் போவதென்றால் பினாங்கு துறைமுகம்தான். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் எழுபதுகளின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஓடியது. அதற்குப் பின் வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழி முடிந்தது. கேபின் எடுக்க வசதி இருந்தவர் சிலர். தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் டெக் பயணிகள். பாய் விரித்த இடமே இருக்கை. முன்னால் வந்தவருக்கு நிழல், பின்னால் வந்தவருக்கு வெயில். குடும்பம் சேர்ந்து உட்கார அன்று யாரும் தனிக்கட்டணம் கேட்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்று ஏர்ஆசியா இரண்டாம் முனையத்திலிருந்தும், மலேசியா ஏர்லைன்ஸும் பாத்திக் ஏரும் முதலாம் முனையத்திலிருந்தும் பறக்கின்றன. முனையத்தை மாற்றி இறங்கி அலைபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏர்ஆசியாவின் புள்ளி அதன் சொந்தச் செயலிக்குள் நடப்பது; மற்ற விமான நிறுவனக் கூட்டணிகளோடு அதற்குத் தொடர்பில்லை. மலேசியா ஏர்லைன்ஸ் 2013 பிப்ரவரியில் ‘ஒன்வேர்ல்டு’ கூட்டணியில் சேர்ந்தது. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2014 மே மாதம் அதே கூட்டணிக்கு வந்தது. அதனால் கொழும்பு வழியாகத் திருச்சிக்கோ சென்னைக்கோ போகிறவர், டிக்கெட் வகை இடம் கொடுத்தால், அந்தப் பயணத்தின் புள்ளியையும் என்ரிச் கணக்கிலேயே சேர்க்கலாம். சிங்கப்பூர் வழியாக ஸ்கூட்டில் போகிறவருக்கு கிரிஸ்ஃபிளையர். சுங்கை சிப்புட்டுக்கு இன்னொரு வழியும் வந்திருக்கிறது. 2024 டிசம்பரில் இண்டிகோ பினாங்கு - சென்னை நேரடிச் சேவையைத் தொடங்கியது. பினாங்கு விமான நிலையம் நமக்குக் கோலாலம்பூர் நிலையத்தில் ஏறத்தாழ பாதித் தூரம். வேன் வாடகையையும் தூக்கத்தையும் கணக்கில் சேர்த்தால் எந்தப் புள்ளியையும்விட இதுவே பெரிய மிச்சமாக இருக்கலாம்.

ஒரே கணக்கில் சேர்ப்பதுதான் புள்ளிக்கு உயிர். நான்கு நிறுவனங்களில் நாலாயிரம் நாலாயிரமாகச் சிதறிக் கிடப்பதால் ஒன்றும் ஆகாது.

இருக்கை: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

திருச்சி வழியில் பறக்கும் ஏர்பஸ் 320, போயிங் 737 இரண்டுமே ஒரு நடைவழி உள்ள சிறிய விமானங்கள். இடப்பக்கம் ஏ, பி, சி. வலப்பக்கம் டி, இ, எஃப். ஏயும் எஃப்பும் ஜன்னலோரம், சியும் டியும் நடைவழியோரம், பியும் இயும் நடுவில் மாட்டிக்கொண்டவை. மலேசியா ஏர்லைன்ஸின் ஏர்பஸ் 330 போன்ற பெரிய விமானத்தில் சாதாரண வகுப்பு இரண்டு, நான்கு, இரண்டு என்று பிரியும். தம்பதியருக்கு ஓரத்து இரண்டும், பிள்ளைகளோடு நால்வராகப் போகிறவர்களுக்கு நடு நான்கும் அளவெடுத்த மாதிரி.

மலிவுக் கட்டணத்தில் இருக்கைக்குப் பணம் கட்டாவிட்டால் கணினி எங்கே இடமிருக்கிறதோ அங்கே உட்காரவைக்கும். குடும்பம் பிரிவதற்கு முதல் காரணம் இது. இரண்டாவது காரணத்தை நாமே உண்டாக்குகிறோம்: அண்ணன் தனியாக, தங்கை தனியாக, பெற்றோருக்குத் தனியாக என்று மூன்று பதிவெண்ணில் டிக்கெட் எடுப்பது. மூன்று பதிவெண்ணும் ஒரே குடும்பம் என்று கணினிக்குத் தெரியாது. ஒரே பதிவெண்ணில் எடுத்து, இணையப் பதிவு திறந்த முதல் நாளே போர்டிங் பாஸை எடுத்துவிட்டால், கட்டணமில்லாமலே சேர்ந்து கிடைக்கும் வாய்ப்பு கூடும். உறுதி இல்லை. விமானம் நிரம்பிக்கொண்டிருந்தால் பிரியத்தான் செய்யும்.

ஐவரும் கட்ட வேண்டுமா? அவசியமில்லை. சிறு பிள்ளைக்கும், அதன் பக்கத்தில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ, உதவி தேவைப்படும் பாட்டிக்கும் பாட்டியோடு ஒருவருக்கும் கட்டினால் போதும். பதின்ம வயதுப் பையன் நான்கு மணி நேரம் தனியாக உட்கார்ந்தால் ஒன்றும் ஆகிவிடாது. அவனுக்கு அதுவே பிடிக்கும்.

பாட்டி, தாத்தாவுக்கு நடைவழியோரம்தான் நல்லது. கழிவறைக்குப் போக இருவரை எழுப்ப வேண்டியதில்லை. இடையிடையே எழுந்து நடக்கலாம். கால் வீக்கம் உள்ளவர்களுக்கு அது தேவையும்கூட. நடக்க முடியாதவருக்கு டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். முகப்பில் போய்க் கேட்டால் காத்திருக்க நேரும்.

அவசரக் கதவு வரிசையில் கால் நீட்ட இடம் அதிகம், அதனால் விலையும் அதிகம். ஆனால் முதியோர், சிறுவர், கர்ப்பிணி, கைக்குழந்தை வைத்திருப்பவர், சக்கர நாற்காலி கேட்டவர் யாரையும் அங்கே உட்காரவிட மாட்டார்கள். ஆபத்து நேர்ந்தால் கதவைத் திறக்க உதவ வேண்டிய இடம் அது. பாட்டிக்கு வசதியாக இருக்கட்டும் என்று அந்த இருக்கையை வாங்கினால், விமானத்துக்குள் இடம் மாற்றிவிடுவார்கள். இந்தச் சிறிய விமானங்களில் அடுத்தடுத்து இரண்டு அவசரக் கதவு வரிசைகள் உண்டு. அவற்றில் முன் வரிசையும், அதற்கு முந்திய வரிசையும் பின்னால் சாயாது. சாய்ந்து தூங்க விரும்புபவர் அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

ஜன்னலோரம் வாங்கியும் ஜன்னல் இல்லாமல் போகும் கதை ஒன்றும் உண்டு. போயிங் 737இல் இறக்கைக்குச் சற்று முன்னால், இடப்பக்கத்தில் ஒரு வரிசையில் ஜன்னல் இருக்காது. குளிரூட்டும் குழாய் சுவருக்குள் அந்த இடத்தில் ஏறுகிறது. முதல்முறை பறக்கும் பிள்ளைக்காக ஜன்னலோரம் எடுப்பவர்கள் இறக்கைக்கு நன்றாக முன்னாலோ பின்னாலோ எடுத்தால் மேகம் தெரியும். இறக்கையின் மேல் எடுத்தால் வெள்ளைத் தகடுதான் காட்சி. ஆனால் குலுக்கலுக்குப் பயப்படுபவர்களுக்கு அந்த இறக்கைப் பகுதிதான் ஏற்றது. விமானத்தின் எடை மையம் அங்கே இருப்பதால் ஆட்டம் குறைவாகத் தெரியும். வால் பகுதியில் அதிகம்.

மாலை விமானத்தில் திருச்சிக்குப் போகிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. விமானம் வடமேற்காகப் போகும். ஆண்டின் பெரும்பகுதியில் சாயும் வெயில் இடப்பக்கம் விழும். ஜூன் மாதத்தையொட்டி நேர் எதிரே இருக்கும். கண் கூசக்கூடாது என்றால் எஃப் பக்கம் எடுக்கலாம்.

கைக்குழந்தையோடு இரண்டு குடும்பங்கள் ஒன்றாகப் போனால், ஒரே பக்கத்து மூன்று இருக்கையில் இரண்டு குழந்தைகளை மடியில் வைத்து உட்கார முடியாது. பொதுவாக ஒவ்வொரு மூன்று இருக்கைக்கும் ஒரே ஒரு ஆக்சிஜன் முகமூடிதான் கூடுதலாக இருக்கும். அக்காவும் தங்கையும் எதிர்ப்பக்கமோ அடுத்த வரிசையோ எடுக்க வேண்டும்.

பணம் கட்டியும் கிடைக்காவிட்டால்

2016ஆம் ஆண்டின் மலேசிய விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பு இருக்கைக்கும் பொருந்தும் ஒரு நல்ல விதியை வைத்திருக்கிறது. இருக்கை, சாப்பாடு, காப்புறுதி போன்ற கூடுதல் சேவைகளை நிறுவனம் தானாகவே டிக் செய்து விலையில் சேர்க்கக்கூடாது. பயணி தேர்ந்தெடுத்தால் மட்டுமே சேர்க்கலாம். ஆகவே பணம் கட்டுவதற்கு முந்திய திரையில் நீங்கள் கேட்காத எதற்காவது தொகை ஏறியிருந்தால் அதை நீக்கிவிடலாம். விமானம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் உணவு தர வேண்டும். 2024 செப்டம்பர் 2 முதல், ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் பயணி பயணத்தைக் கைவிட்டு, பணம் கட்டிய வழியிலேயே முழுப்பணத்தையும் திரும்பக் கேட்கலாம். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

விமானம் மாறியதால் வாங்கிய இருக்கை பறிபோனால், முதலில் விமான நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்ய வேண்டும். இருக்கைக்குக் கட்டிய ரசீது, கையில் கொடுத்த போர்டிங் பாஸ் இரண்டின் படமும் இணைக்க வேண்டும். அவர்களுக்கு 30 நாள் அவகாசம். பதில் திருப்தியில்லை என்றால் அரசு ஆணையத்திடம் கொண்டுபோகலாம். முன்பு அது மாவ்காம். 2025 ஆகஸ்ட் 1 முதல் அதன் பணியை மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் ஏற்றுக்கொண்டது. புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. முகவர் வழியாக டிக்கெட் வாங்கியவர்கள் பதிவெண்ணையும் ரசீதையும் முகவரிடமிருந்து அன்றைக்கே கேட்டு வாங்கிவைத்திருக்க வேண்டும்.